பெயர் கேட்கப்படாத பெண்: ஃபுளோரன்ஸ் தாம்சனின் எண்பது ஆண்டுகள்

ஏரிக்கரை
ஞாயிறு, காலை 6.50

அந்தப் படத்தைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். நைந்த சட்டை அணிந்த ஒரு பெண். வலது கை கன்னத்தருகே நிற்கிறது. நெற்றியில் கோடுகள். இரண்டு சிறுமிகள் ஆளுக்கொரு பக்கமாக அவர் தோளில் முகம் புதைத்து நிற்கிறார்கள், மடியில் கைக்குழந்தை உறங்குகிறது. 1936 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் நிபோமோ என்னும் ஊருக்கு அருகே, பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் டோரதியா லாங் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த, 'புலம்பெயர்ந்த தாய்' என்று பெயர் பெற்ற படம். 1930களில் வேலையும் வருமானமும் அற்றுப்போன அமெரிக்கப் பெருமந்தத்தைப் பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தப் படம் இருக்கும்.

நூலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இந்தப் படம் உள்ள புத்தகங்களை எத்தனை முறை அடுக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. படத்தை எடுத்தவர் பெயர் எனக்கு மனப்பாடம். படத்தில் இருப்பவருக்கும் ஒரு பெயர் இருக்குமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அந்த உறுத்தலால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அவர் பெயர் ஃபுளோரன்ஸ். 1903 செப்டம்பர் 1 அன்று, இன்று ஓக்லஹோமா எனப்படும் மண்ணில் பிறந்தார். அவர் பிறந்தபோது அப்படி ஒரு மாநிலமே கிடையாது, அதற்கு 'இந்தியர் பிரதேசம்' என்று பெயர். பதினேழு வயதில் ஒரு விவசாயியின் மகனை மணந்தார். 1920களில் இருவரும் கணவரின் உறவினர்களோடு கலிஃபோர்னியாவுக்குப் போய் மர அறுவை ஆலைகளிலும் வயல்களிலும் வேலை செய்தார்கள். 1931இல் கணவர் காசநோயில் இறந்தார். அப்போது ஃபுளோரன்ஸ் ஆறாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பட்டாணி முகாமில் லாங் அவரைப் பார்க்கிறார். பத்து நிமிடங்களில் ஆறோ ஏழோ படங்கள். உறைந்த காய்கறிகளையும் பிள்ளைகள் அடித்த பறவைகளையும் தின்று நாள் கடத்துகிறார்கள், உணவு வாங்க வண்டியின் டயர்களையும் விற்றுவிட்டார்கள் என்று லாங் பின்னாளில் எழுதினார். அந்தப் பெண்ணின் பெயரையோ கதையையோ தான் கேட்கவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார்.

எண்பது ஆண்டு வாழ்ந்த ஒருவரை நாம் பத்து நிமிடங்களில் அறிந்துகொண்டதாக நினைத்துவிட்டோம். மிச்ச ஆண்டுகளில் என்ன நடந்தது? இந்த வாழ்வைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


நிழலும் ஒளியும்
ஞாயிறு, காலை 9.15

ஐயா, வணக்கம். நான் தொழில்முறைப் படக்காரன். லாங்கின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஏழு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து, வாழ்நாள் முழுவதும் வலது காலை இழுத்து நடந்தவர் அவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் வசதியானவர்களைப் படம் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தார். பெருமந்தம் வந்தபின் அதை விட்டுத் தெருவுக்கு இறங்கினார். நிபோமோவுக்கு வந்த அன்று ஏறக்குறைய ஒரு மாதப் பயணத்தை முடித்து, மழையில் தனியாக வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். 'பட்டாணி பறிப்பவர் முகாம்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார். சுமார் 20 மைல் போன பிறகு மனம் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். அலைந்து களைத்தவர்களுக்குத்தான் அந்த 20 மைலின் அருமை தெரியும்.

மறுகுடியமர்வு நிர்வாகம் என்ற அரசுத் துறையின் ஊழியர் அவர். எடுத்த படங்கள் அரசுக்குச் சொந்தம், அவருக்குச் சம்பளம் மட்டும்தான். இந்தப் படத்துக்கு உரிமைத்தொகை என்று ஒரு காசும் அவருக்கு வரவில்லை. படம் சான் ஃபிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வந்ததும், அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு, ஏறக்குறைய ஒன்பது டன் உணவை அனுப்பியது. அங்கே பசியில் கிடந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். பனியும் மழையும் பட்டாணியை அழித்துவிட்டதால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு படம் இவ்வளவு செய்தது என்றால் அது சிறிய காரியம் அல்ல.

அவர் செய்த ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மூலப் படத்தின் வலப்பக்கக் கீழ் ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருக்கும் கட்டை விரல் ஒன்று தெரியும். அமைப்பைக் கெடுக்கிறது என்று 1939இல் அதை நெகட்டிவிலிருந்தே அழிக்கச் செய்தார். அது அந்தத் தாயின் கைவிரல்.


கரிசல் மகள்
ஞாயிறு, பிற்பகல் 2.30

இந்தப் பெண் பருத்தி எடுத்தவர் என்று படித்த நாளிலிருந்து இவர் எனக்கு வேற்று மனுஷி இல்லை. என் அம்மாவும் பருத்திக்காட்டில் கிடந்தவர். முற்றி வெடித்த காயின் ஓடு ஊசி மாதிரி நகக்கண்ணில் ஏறும். வெயில் ஏறுவதற்குள் மடி நிறைய வேண்டும். குனிந்த முதுகு நிமிர்ந்தால் கூலி குறையும்.

1970களின் கடைசியில் ஃபுளோரன்ஸ் தன் வாயால் சொன்ன விவரங்கள் இருக்கின்றன. விடிவதற்கு முன்னே பருத்திக்காட்டில் இறங்கி, கண் தெரியாத இருட்டு வரும்வரை எடுப்பாராம். ஒரு நாளைக்கு 450, 500 பவுண்டு, அதாவது இருநூறு கிலோவுக்கும் மேல். அப்போது தன் உடல் எடை நூறு பவுண்டுகூட இல்லை என்றும் சொன்னார்.

கைக்குழந்தையை என்ன செய்தார் தெரியுமா? படத்தில் தோளோரம் நிற்கும் சிறுமிகளில் ஒருவர் பெரியவரான பின் சொல்லியிருக்கிறார். பருத்தி போடும் நீண்ட சாக்கிலேயே குழந்தையைக் கிடத்தி, அதை இழுத்துக்கொண்டே அம்மா வரிசையில் நகர்வார். மூத்த பிள்ளைகள் அவர் கண்ணில் படும்படி முன்னால் போவார்கள். பறித்த பஞ்சைச் சிறு குவியல்களாக வைத்துக்கொண்டே போவார்கள், அம்மா பின்னால் வந்து அள்ளிச் சாக்கில் போட்டுக்கொள்வார். பிள்ளைகளைக் காவல் காப்பதும் கூலி சேர்ப்பதும் ஒரே வரிசையில் நடந்திருக்கிறது.

பேக்கர்ஸ்ஃபீல்டு நகரத்துப் பாலத்தின் அடியில் குடும்பத்தோடு இருந்ததையும் அவர் சொன்னார். கூடாரம்கூட இல்லை, கந்தலான ஒரு மெத்தைப் போர்வை மட்டும். அங்கிருந்து நடந்துபோய் ஓர் உணவுக்கடையில் வேலை செய்தார். நாளுக்கு ஐம்பது சென்ட், அதோடு மிஞ்சிய சோறு கறி. அந்த மிச்சத்தை வாளியில் எடுத்துவந்து பிள்ளைகளுக்குப் போடுவார்.

நிழலும் ஒளியும் சார், உங்கள் லாங்கை நான் குறை சொல்லவில்லை. இத்தனை வேலை செய்த கைகளில் ஒரு விரல் படத்துக்கு இடைஞ்சலாகத் தெரிந்திருக்கிறதே என்று நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது.


மேற்குக்கரை
ஞாயிறு, இரவு 10.05

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஃபுளோரன்ஸ் தன் கடைசிக் காலத்தைக் கழித்த மொடெஸ்டோ எனக்குப் பழக்கமான ஊர். இந்தக் கதையில் காலங்காலமாகத் தொடரும் சில பிழைகளைத் திருத்த வேண்டும்.

முதலாவது டயர். ஏரிக்கரை ஐயா எழுதியது லாங் 1960இல் ஓர் இதழில் எழுதியதுதான். ஆனால் ஃபுளோரன்ஸின் மகன் அதை உறுதியாக மறுத்தார். விற்பதற்கு எங்களிடம் வேறு டயர் இல்லை, இருந்தவற்றில்தான் வண்டி ஓடியது என்றார். நடந்தது இதுதான். இம்பீரியல் பள்ளத்தாக்கில் பீட்கிழங்கு வேலையை முடித்துக்கொண்டு, வாட்சன்வில் பக்கம் லெட்டூஸ் வயலில் வேலை கிடைக்கும் என்று 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனார்கள். வழியில் வண்டியின் எஞ்சின் சங்கிலி அறுந்தது. உருட்டிக்கொண்டு வந்து ஒதுங்கிய இடம்தான் பட்டாணி முகாம். ஃபுளோரன்ஸுடன் அப்போது வாழ்ந்தவரும் இரண்டு பையன்களும் வண்டியின் சேதமான பாகத்தைச் சரிசெய்ய ஊருக்குள் போயிருந்த நேரத்தில் லாங் வந்தார். 'பட்டாணி பறிக்கும் ஏழைகள்' என்று படத்தின் கீழ்க் குறிப்பு சொல்கிறது. ஃபுளோரன்ஸ் அன்று அங்கே பட்டாணி பறிக்க வரவே இல்லை, வண்டி பழுதாகி நின்றவர்.

இரண்டாவது புழுதிப் புயல். ஓக்லஹோமாவிலிருந்து புழுதிப் புயலுக்குத் தப்பி வந்த அகதி என்று இவரைப் பல இடங்களில் எழுதுகிறார்கள். புயல்கள் 1930களில் அடித்தன. இவரோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கலிஃபோர்னியாவுக்கு வந்தவர். கணவர் இறந்தபின் கொஞ்ச காலம் ஊருக்குப் போய்த் திரும்பினார், அவ்வளவுதான். படத்துக்கு ஏற்ற கதை ஒன்று தேவைப்பட்டது, அதை அவர் மேல் ஏற்றிவிட்டார்கள்.

மூன்றாவது உணவு. ஒன்பது டன் முகாமுக்கு வந்தது உண்மை. அது வந்து சேர்ந்தபோது ஃபுளோரன்ஸும் பிள்ளைகளும் அங்கே இல்லை. வண்டி சரியானதும் வாட்சன்வில்லுக்குப் போய்விட்டார்கள். அவர் முகம் கொண்டுவந்த சோற்றில் ஒரு பருக்கையும் அவர் வாய்க்குப் போகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் படத்துக்கு ஒரு மாதம் முன்பு, 1936 பிப்ரவரியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் காவல்துறை 136 காவலர்களை மாநில எல்லைகளுக்கு அனுப்பியது. நகரத்திலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, அரிசோனா, நெவாடா, ஓரிகன் எல்லைகளில் நின்று, கையில் காசு இல்லாமல் வருபவர்களைத் திருப்பி விரட்டினார்கள். ஓக்லஹோமாக்காரர் என்ற பொருள்பட்ட 'ஓக்கி' அங்கே வசைச்சொல்லாகவே ஆகியிருந்தது. சொந்த நாட்டுக்குள் வேலை தேடி நகர்ந்தவர்களை நடத்திய விதம் இது.


ஏரிக்கரை
திங்கள், காலை 6.20

டயர் விஷயத்தில் நான் எழுதியது தவறு. திருத்தியதற்கு நன்றி, மேற்குக்கரை. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிட்டேன். படம் எடுத்தவரின் சொல் ஒரு கோடிப் பிரதிகளில் ஏறியது, படத்தில் இருந்தவரின் மகன் சொன்னது ஒரு மூலையில் கிடந்தது.

1978 வரை உலகுக்கு அவர் யாரென்றே தெரியாது. மொடெஸ்டோவின் உள்ளூர் நாளிதழின் செய்தியாளர் ஒருவர் அவரை ஒரு டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பில் கண்டுபிடித்தார். அப்போது அவர் சொன்னதை முதல் முறை படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம். அதனால் எனக்கு ஒரு காசும் கிடைக்காது. என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. படத்தை விற்க மாட்டேன் என்றார். ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார். அனுப்பவில்லை. இவ்வளவுதான் அவர் சொன்னதன் சாரம்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பிரதி! நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவர் அதை நினைவில் வைத்திருந்தார் என்றால், அதற்காகக் காத்திருந்தார் என்றுதானே பொருள்?


சட்டப் புத்தகம்
திங்கள், பிற்பகல் 1.40

பணத்தை ஒரு பக்கம் வைக்க வேண்டாம் ஐயா. இந்த வாழ்வின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர் பணிக்காக உருவாக்கிய எதற்கும் அங்கே பதிப்புரிமை கிடையாது. அதனால் அந்தப் படம் எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், விற்கலாம். லாங்குக்கும் உரிமை இல்லை, ஃபுளோரன்ஸுக்கும் இல்லை. ஆனால் சந்தைக்கு இருந்தது. 1998இல் லாங்கின் கையெழுத்தும் குறிப்புகளும் உள்ள ஒரு பழைய பிரதி ஏலத்தில் 2,44,500 டாலருக்குப் போனது.

இதைவிடப் பெரிய அநியாயம் சட்டப் புத்தகத்தில் நடந்தது. படம் எடுப்பதற்கு ஏழு மாதம் முன்பு, 1935 ஆகஸ்டில், அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதுமை ஓய்வூதியம், வேலையில்லாக் காலத்துக்கு உதவி என்று நாடே கொண்டாடியது. அதே ஆண்டு தொழிலாளர்கள் சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமைக்கும் சட்டம் வந்தது. 1938இல் குறைந்தபட்சக் கூலிக்கும் வேலை நேர வரம்புக்கும் சட்டம் வந்தது. மூன்றையும் எடுத்துப் படியுங்கள். மூன்றிலும் விவசாயத் தொழிலாளிக்கு இடம் இல்லை. வீட்டு வேலை செய்பவர்களையும் இப்படியே ஒதுக்கினார்கள். தெற்கு மாநிலங்களில் இந்த இரண்டு வேலைகளையும் செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அம்மாநிலங்களின் உறுப்பினர்கள் வாக்கு இல்லாமல் சட்டம் நிறைவேறாது என்ற நிலை அன்றைய நாடாளுமன்றத்தில் இருந்தது.

ஆக, ஃபுளோரன்ஸின் முகத்தைக் காட்டி ஏழைகளுக்கான திட்டங்களுக்கு மக்கள் ஆதரவைத் திரட்டிய அதே அரசு, அவர் கைகள் செய்த வேலையை வேலை என்றே கணக்கில் சேர்க்கவில்லை. இருநூறு கிலோ பருத்தி எடுத்தவருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடையாது. வயலில் உழைத்த அந்த ஆண்டுகளில் ஒரு நாள்கூட அவருடைய ஓய்வூதியக் கணக்கில் ஏறவில்லை. கலிஃபோர்னியா விவசாயத் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கியது 1975இல். அப்போது ஃபுளோரன்ஸுக்கு 71 வயது.

எல்லையில் காவலரை நிறுத்தியதைப் பற்றி மேற்குக்கரை எழுதினார். ஏழைகளை மாநிலத்துக்குள் அழைத்துவருவதைக் குற்றமாக்கிய கலிஃபோர்னியாச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1941இல் ஒருமனதாக ரத்து செய்தது. அந்த ஒன்றில் நீதி வந்தது. நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா.


வடக்குவாசல்
திங்கள், இரவு 8.30

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஏரிக்கரை ஐயா முதல் பதிவில் 'இந்தியர் பிரதேசம்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். நான் அதில்தான் நின்றுவிட்டேன். 'இந்தியர்' என்று அங்கே சொன்னது அமெரிக்கப் பழங்குடிகளை.

ஃபுளோரன்ஸின் பெற்றோர் இருவரும் செரோக்கி என்ற பழங்குடியின் வழியினர். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை பிரிந்துவிட்டார். தாய் மறுமணம் செய்துகொண்ட வளர்ப்புத் தந்தை சோக்டா இனத்தவர். செரோக்கி மக்கள் ஓக்லஹோமாவின் பூர்வகுடிகள் அல்லர். கிழக்கே ஜார்ஜியா, டென்னஸி மலைப்பகுதிகளில் வாழ்ந்தவர்களை 1838இல் துப்பாக்கி முனையில் மேற்கே நடக்கவைத்தார்கள். வழியில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் இறந்தார்கள். இனி இது உங்கள் நிலம் என்று கொடுக்கப்பட்டதுதான் அந்தப் பிரதேசம். ஃபுளோரன்ஸ் பிறந்த காலத்தில் அதையும் தனித்தனித் துண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நான்கு வயதானபோது, 1907இல், ஓக்லஹோமா மாநிலமாகி அந்தப் பெயரும் போனது.

நிலத்திலிருந்து ஒரு முறை பெயர்க்கப்பட்டவர்களின் பேத்தி, வயல் வயலாகப் பெயர்ந்து திரிந்தார். லாங் அன்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதை வெளியே வந்திருக்கும். கேட்காததால் அந்த முகத்தை எல்லோரும் வெள்ளைக்கார விவசாயத் தாயின் முகமாகவே பார்த்தார்கள். இரக்கமும் அந்தக் கணக்கில்தான் பெருகியது. அதே வயல்களில் மெக்சிகோக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் இதே பசியோடு குனிந்திருந்தார்கள். 1930களில் மெக்சிகோ வழியினரை லட்சக்கணக்கில் எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள், அவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்தவர்களும் உண்டு. 'இவர் செரோக்கி' என்று படத்தின் கீழே போட்டிருந்தால் அது இத்தனை நாளிதழ்களில் வந்திருக்குமா? எனக்குப் பலத்த சந்தேகம்.


நிழலும் ஒளியும்
செவ்வாய், காலை 7.00

வடக்குவாசல் கேட்ட கேள்வி இரவு முழுவதும் என்னை விடவில்லை. என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளத்தின்போது, இடிந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியைப் படம் எடுத்தேன். ஓர் இதழ் அதை அட்டையில் போட்டது. பாராட்டும் கிடைத்தது. அந்த அட்டை இன்றும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பாட்டி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "எனக்கு ஒண்ணு குடுப்பியா தம்பி?" தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருவின் பெயரைக் குறித்துக்கொண்டேன், அவர் பெயரைக் குறிக்கவில்லை. அடுத்த ஆண்டு போனபோது அந்த வரிசை வீடுகளே இல்லை.

லாங்குக்காக முதலில் வாதாடியவன் நான். அவர் கொடியவர் அல்லர், இதை இன்றும் சொல்வேன். 1942இல் ஜப்பானிய வழி அமெரிக்கர்களை முள்வேலிக்குள் அடைத்தபோது, அரசு வேலையாக அதைப் படம் எடுக்கப் போய், அரசே ஒளித்துவைக்கும் அளவுக்கு உண்மையாக எடுத்தவர் அவர். ஆனால் இரக்கம் உள்ளவர்களாலும் இந்தத் தவறு நடக்கிறது. அவசரம்தான் காரணம். நல்ல வெளிச்சம் போய்விடுமே என்ற அவசரம். அதற்குமேல் சமாதானம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.


கரிசல் மகள்
செவ்வாய், காலை 11.10

சார், நீங்கள் எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. அந்த ஊர்ப்பக்கம் மறுபடி ஒரு முறை போய்ப் பாருங்கள். பாட்டி இல்லாவிட்டாலும் அவர் மக்கள் எங்காவது இருப்பார்கள். படத்தைக் காட்டினால் யாராவது அடையாளம் சொல்வார்கள்.

என் அம்மாவுக்கும் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, ரேஷன் அட்டைக்காக எடுத்தது. அதில் அவர் பயந்து போயிருப்பார். என் அம்மா அப்படிப்பட்டவர் அல்லர், கும்மி கொட்டினால் தெருவே கூடிவிடும். ஃபுளோரன்ஸின் மகள் ஒருவர் சொன்னதும் இதுதான். அம்மாவுக்கு இசை பிடிக்கும், நடனம் ஆடப் பிடிக்கும், வாழ்க்கையை அனுபவிக்கத் தெரிந்தவர். இந்தப் படத்தில் இருப்பது போல அவரை நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை என்றார்.

சாப்பாடு குறைந்த நாட்களில் தான் உண்ணாமல் பிள்ளைகளுக்குப் போட்டவர் என்றும் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். வயலில், மருத்துவமனையில், மதுக்கடையில், சமையலறையில் என்று கிடைத்த வேலையை எல்லாம் செய்தேன் என்று ஃபுளோரன்ஸே சொன்னார். அந்த நாட்களைப் பற்றி அவர் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்கிறேன்: "ஏதோ இருந்தோம். எப்படியோ வாழ்ந்தோம். பிழைத்துக்கிடந்தோம், அப்படி வைத்துக்கொள்ளுங்கள்."


மேற்குக்கரை
செவ்வாய், இரவு 11.30

அவர் வாழ்வின் பிற்பகுதியைச் சொல்லிவிடுகிறேன், ஐயா கேட்டது அதைத்தானே.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், மருத்துவமனை நிர்வாகியாக இருந்த தாம்சன் என்பவரை மணந்தார். நிலையான வீடு, சீரான வருமானம் என்று வாழ்க்கை ஒருவழியாக ஓரிடத்தில் நின்றது. போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் கலிஃபோர்னியாவில் பெருகிய வேலைகள், வயல்களில் கிடந்த ஓக்லஹோமாக் குடும்பங்கள் பலவற்றைக் கரையேற்றின. 1970களில் பிள்ளைகள் சேர்ந்து அவருக்கு மொடெஸ்டோவில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார்கள். அவருக்கு அது ஒட்டவில்லை. டிரெய்லர் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். வறுமையால் அங்கே கிடந்தார் என்று சிலர் எழுதுவார்கள். இல்லை, அவரே விரும்பிப் போனார். சக்கரத்தின் மேல் இருக்கும் வீட்டில்தான் அவருக்கு நிம்மதி கிடைத்தது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

1983இல் புற்றுநோயும் பக்கவாதமும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளின. செவிலியர் செலவைப் பிள்ளைகளால் தாங்க முடியவில்லை. வேறு வழியில்லாமல், எந்தப் படத்தால் அம்மா கூசினாரோ அதே படத்தை முன்னிறுத்தி உதவி கேட்டார்கள். நாளிதழ்களில் செய்தி வந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள், 35,000 டாலருக்கும் மேல் பணம். ஒரு டாலர், இரண்டு டாலர் என்று அனுப்பியவர்களும் இருந்தார்கள். அந்தப் படத்தை எங்கள் குடும்பம் ஒரு சாபம் போலவே நினைத்திருந்தது, கடிதங்களைப் படித்த பிறகுதான் பெருமை வந்தது என்று மகன் சொன்னார்.

அந்த செப்டம்பர் 16ஆம் நாள் இறந்தார். எண்பது வயது நிறைந்து பதினைந்து நாட்கள்.

மொடெஸ்டோவை அடுத்த ஹியூசன் ஊரின் கல்லறைத் தோட்டத்துக்குப் போன ஆண்டு நானும் மனைவியும் போயிருந்தோம். சுற்றிலும் பாதாம் தோப்புகள். கல்லில் அவர் முழுப்பெயர் இருக்கிறது: ஃபுளோரன்ஸ் லியோனா தாம்சன். அதன் கீழே 'புலம்பெயர்ந்த தாய்' என்றும், அமெரிக்கத் தாய்மையின் வலிமைக்கு ஒரு சான்று என்ற பொருளிலும் பொறித்திருக்கிறார்கள். மனைவி கல்லின் மேலிருந்த சருகுகளைத் துடைத்துவிட்டார். எதிர்ப்பக்க வயலில் ஆட்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பேசிய மொழி ஸ்பானியம்.


ஏரிக்கரை
புதன், காலை 6.05

கல்லில் பெயர் இருக்கிறது என்று படித்ததும் மனது கொஞ்சம் ஆறியது. உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், மேற்குக்கரை.

பேரனுடைய வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் படம் இருக்கிறது. நேற்று மாலை அவனோடு உட்கார்ந்து, படத்தின் கீழே பென்சிலால் அவர் பெயரையும் பிறந்த, இறந்த ஆண்டுகளையும் எழுதினோம். பிறகு அவன் கேட்டான்: "தாத்தா, பேப்பர்ல அவங்க படம் வந்ததை அவங்க பார்த்தாங்களா?" பதில் தெரியாமல் தேடினேன். கிடைத்தது.

குடும்பம் வாட்சன்வில்லுக்குப் போய்ச் சேர்ந்த பின், மகன்கள் இருவரும் தெருவில் நாளிதழ் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கட்டைப் பிரித்தால் முதலில் தெரிகிறது அம்மாவின் முகம். அச்சு மை சிந்தி அம்மாவின் நெற்றி நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. அம்மாவை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று அலறிக்கொண்டு இருவரும் தாங்கள் தங்கியிருந்த முகாமுக்கு ஓடினார்கள்.

அம்மா அங்கே நலமாக இருந்தார். பையன்கள் படத்தைக் காட்டினார்கள். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.